ஷம்சாத் மச்சியின் பால்

10 பிப்ரவரி 2006, வெள்ளி. சத்வா, துபாய்

இல்லை, சம்மதிக்கவில்லை. தலையை ஆட்டினேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றல்ல என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜும்மாவுக்குப் பிறகு பிரியாணி. பிரியாணிக்குப் பிறகு என் தாய்மையைப் பற்றிய ஆலோசனை. பேசியவர்கள்: என் கணவன் யஹ்யா, ஷார்ஜாவில் இருக்கும் அவனுடைய அக்கா ஷம்சாத் (எனக்கு மச்சி), அவள் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க வரும் கலீல் ரஹ்மான் ஆலிம். நான் தேநீர் ஊற்றினேன்.

(நேரில் "மச்சான், நீங்க." இங்கே அவன், இவன். நாட்குறிப்பு எழுதுவதில் வேறு லாபம் ஏதும் இல்லை.)

இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையை எடுத்து வளர்ப்பதென்று நானும் யஹ்யாவும் முடிவு செய்து ஒரு மாதம் ஆகிறது. நாங்கள் இருவர் மட்டும் எடுத்த முடிவு என்று நினைத்திருந்தேன். ஆலிம்சா பல் குத்திக்கொண்டே திருத்தினார். மார்க்கத்தில் தத்து கிடையாது. வளர்க்கலாம், நன்மை உண்டு. ஆனால் வளர்த்தவன் தகப்பன் ஆகிவிட முடியாது. ஆண்பிள்ளை என்றால் பெரியவனானதும் அவன் எனக்கு அந்நியன். நான் முக்காடு போட வேண்டும். பெண்பிள்ளை என்றால் யஹ்யாவுக்கு அந்நியம். அவள் முக்காடு போட வேண்டும். ஆக, வீட்டுக்குள் யாராவது ஒருத்தி மூடிக்கொண்டே தீர வேண்டும்.

"ஒரு வழி இருக்கு" என்றார். கதவைச் சாத்துகிறவர்கள் எப்போதும் ஒரு ஜன்னலையும் கையில் வைத்திருப்பார்கள். "ரெண்டு வயசுக்குள்ள உள்ள பொம்பளப்புள்ளயா எடுங்க. யஹ்யாவோட லாத்தா பால் குடுக்கட்டும். அஞ்சு தடவ, வயிறு நெறய. பால்குடி உறவு வந்துரும். யஹ்யா அந்தப் புள்ளைக்குத் தாய்மாமன் மொறை. மறைவு தேவையில்ல. கலாஸ், முடிஞ்சுது."

ஷம்சாத் மச்சி ஆலிம்சா முன்னாலேயே நெஞ்சைத் தட்டிக்கொண்டாள். "நான் குடுக்குறேன். எனக்கு என்ன கொறச்சலு? ஷார்ஜாவுக்கே குடுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் மடியில் அவளுடைய நாலாவது, ஹபீப். பால் குடித்துக்கொண்டே அவனும் என்னைப் பார்த்தான்.

கணக்கு இப்படி வருகிறது. அவன் தாய்மாமன். அவள் பால்தாய். நான்? மாமன் பெண்டாட்டி. கோர்ட்டில் கார்டியன், வீட்டில் மாமி. இதற்குத்தான் தலையை ஆட்டினேன்.

11 பிப்ரவரி

குறை யாரிடம் என்று இங்கேகூட எழுதப்போவதில்லை. எல்லோரும் கேட்பது அதை மட்டும்தான் என்பதால்.

2 மார்ச்

அலுவலகம். இன்னும் அஸ்திவாரம் தோண்டாத கட்டடத்துக்கு விளம்பரப் பக்கம் எழுதினேன். கண் விழித்தால் கடல் என்று. கடல் இருக்கிறது, கண் விழிக்கத்தான் இடம் இல்லை. மேலாளர் "இன்னும் கொஞ்சம் குடும்ப உணர்வு வேண்டும்" என்றார். ஓடும் குழந்தை ஒன்றைச் சேர்த்தேன். என் வேலையில் குழந்தை உண்டாவது இவ்வளவு சுலபம்.

14 ஏப்ரல், வெள்ளி

திருமதி ஜோதிமணி வந்தார். கோயம்புத்தூர்க்காரர். எங்களைப் பற்றி அறிக்கை எழுதப்போகும் சமூகசேவகி. அந்த அறிக்கை இல்லாமல் இந்தியாவில் எந்தக் குழந்தைகள் இல்லமும் எங்களைத் திரும்பிப் பார்க்காது. அதனால் காலையிலிருந்து வீட்டைத் துடைத்தோம். யஹ்யா தன் கடையிலிருந்து லேஸ் கொண்டுவந்து ஜன்னல் திரைக்குத் தைக்கக் கொடுத்திருந்தான். பொத்தானும் லேஸும் விற்கிறவனுக்கு உலகத்தின் எல்லாக் குறைக்கும் லேஸ்தான் மருந்து.

அம்மையார் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். குளியலறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். என் புத்தக அலமாரி முன் நின்று மூக்கைச் சுருக்கினார்.

"ஏனுங்க, இத்தன புக்கு வெச்சிருக்கீங்க. தூசி சேராதுங்களா? கொழந்தைக்கு ஆகாதுங்களே."

"படித்தால் சேராது" என்றேன். யஹ்யா என் காலை மிதித்தான்.

பிறகு என்னிடம்: "உங்களுக்கு எதுக்குங்க கொழந்த?"

பெற்றவளிடம் யாராவது இதைக் கேட்பார்களா? கேட்டால் எத்தனை பேர் தேறுவார்கள்? அதையே சொன்னேன். பேனா நின்றது. யஹ்யா முந்திக்கொண்டான். "அவ யுனிவர்சிட்டில படிச்சவங்க. அப்படித்தான் பேசுவா. எங்களுக்கு... வீடு சத்தமில்லாம இருக்குங்க. அதான்."

அதை மட்டும் எழுதிக்கொண்டார்.

சத்தமில்லாத வீடாம். கீழே வரிசையாகத் தையல் கடைகள், காலையிலிருந்து மெஷின் ஓடுகிறது. மேலே ஏசி இரும்பை மெல்லுகிறது. ஆனால் அவன் சொன்னபோது நான் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை?

அப்போதுதான் ஷம்சாத் மச்சி வந்தாள். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அதனால் வட்டிலப்பத்தோடு வந்தாள். இடுப்பில் ஹபீப்.

"இந்தாங்க மேடம், சாப்புட்டுக்கிட்டே எழுதுங்க. எங்க தம்பி தங்கம். இவ" — என்னைக் காட்டி — "இவ கொஞ்சம் வெறப்பு. ஆனா சோறு போடுவா."

ஜோதிமணி அம்மையாருக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. போகும்போது என்னிடம் சொன்னார்: "உங்க நாத்தனார் ஒருத்தரு போதுமுங்க. கொழந்த வளந்துரும்."

30 ஏப்ரல்

அறிக்கையின் நகல் வந்தது. நல்ல காற்றோட்டம். கடவுள் நம்பிக்கை. அன்பான உறவினர். நான் எழுதும் விளம்பரத்தைவிட மோசமில்லை. இன்னும் கட்டாத குடும்பத்தை எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறார்.

9 ஜூன்

"ஊருக்குப் போய் எடுத்துட்டு வாங்க." எல்லோரும் இதே வினைச்சொல். தைத்து வைத்த சட்டையை எடுத்து வருவதுபோல. இங்கிருந்து ஊருக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். தைலம், போர்வை, பால்மாவு. முதல் தடவையாக அங்கிருந்து ஒன்றை இங்கே கொண்டுவரப் போகிறோம். அதற்கு மட்டும் நீதிமன்ற அனுமதி.

25 ஆகஸ்ட்

மதுரையிலுள்ள இல்லத்திலிருந்து படம் வந்தது.

பெண். மூன்று மாதம் ஆகிறதாம். மொட்டைத் தலை. கன்னத்தில் பெரிய மைப்பொட்டு. யாரோ ஒருத்தியின் இரண்டு கைகள் அக்குளைப் பிடித்துத் தூக்கிக் காட்டுகின்றன. கைக்காரியின் முகம் படத்தில் இல்லை. குழந்தை சிரிக்கவில்லை. அதனால் பிடித்தது. நம்மைப் பார்த்துச் சிரிக்க அவளுக்கு என்ன காரணம் இருக்கிறது?

பெயர் பானுப்பிரியா. அங்கே ஒரு ஆயா வைத்தாளாம்.

யஹ்யா படத்தைச் சட்டைப்பையில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனான். சத்வா முழுக்கப் பார்த்திருக்கும்.

1 செப்டம்பர்

பெயர்ப் போர். கீழக்கரையிலிருந்து மாமியார் தொலைபேசியில் பெயர்கள் சொன்னார். எல்லாம் செத்துப்போனவர்களின் பெயர்கள். ஆலிம்சா தன் பங்குக்குச் சில. பெயர் இருக்கிறதே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை.

ஷம்சாத் மச்சி மீன் கழுவிக்கொண்டே முடித்துவைத்தாள். "பானுன்னு கூப்புடுங்க. பாதி நம்ம பேருதானே. கூப்புட்டா திரும்பிப் பாக்கணும்ல புள்ள. புதுப் பேரு வச்சா அதுக்கு எப்படித் தெரியும்?"

அவள் சொன்னால் சரியாகிவிடுகிறது. நான் அதையே சொன்னால் வெறப்பு.

24 அக்டோபர். நோன்புப் பெருநாள் மறுநாள்

ஷார்ஜாவில் ஷம்சாத் மச்சி வீடு. விருந்து. பெண்கள் அறையில் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

ஹபீபுக்கு அடுத்த மாதம் இரண்டு வயது முடிகிறது. ஓடுகிறான், பேசுகிறான், முழுக் கோழிக்கால் தின்கிறான். இன்னும் பால்குடி. அவன் வருவதில்லை, அவள்தான் கூப்பிடுகிறாள். சாக்லேட்டைக் காட்டி மடிக்கு இழுக்கிறாள். அவன் திமிறுகிறான். தாளைப் பிரித்துக் கையில் கொடுத்து, துப்பட்டிக்குள் தள்ளிக்கொள்கிறாள். முன்பல் இரண்டும் கறுத்துவிட்டன. ஒரு மனுஷனைக் குழந்தையாகவே வைத்திருக்க இவ்வளவு ஆசையா? வேறு எதுவும் செய்யத் தெரியாதவளுக்கு இது ஒரு பதவி போலிருக்கிறது.

பெண்கள் சிரித்தார்கள். "என்ன ஷம்சாத்து, மாப்பிள்ள ஆகுறவரைக்கும் குடுப்பியோ?"

"குடுத்தா உனக்கு எங்கடி வலிக்குது?"

நான் மெதுவாகத்தான் கேட்டேன். "மச்சி, நிறுத்தக் கூடாதா?"

"நிறுத்துறதுக்கென்ன புள்ள. மல்லியப்பூவ வச்சுக் கட்டுனா ரெண்டு நாள்ல வத்திப்போயிரும். எங்க உம்மா அப்படித்தான்." என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாக்கலாம்."

அவள் கணவர் கௌஸ் மச்சான் சவூதியில், ஜுபைலில் இருக்கிறார். தொழிற்சாலையில் குடும்ப வீடு கொடுத்துவிட்டார்களாம். வா, வா என்கிறாராம். இவள் போகவில்லை. போனால் இந்தச் சபையை எங்கே கூட்டுவாள்?

19 நவம்பர்

மதுரைக் கோர்ட்டில் மனு. இனி நாள் சொல்வார்கள்.

12 டிசம்பர்

ஒத்திவைப்பு.

9 ஜனவரி 2007

நீதிபதி விடுப்பு.

30 ஜனவரி

ஒத்திவைப்பு. காரணம் சொல்லவில்லை. இல்லத்திலிருந்து புதுப் படம் கேட்டேன். அனுப்பவில்லை. பழைய படத்தில் அவளுக்கு இன்னும் மூன்று மாதம். அங்கே உட்கார்ந்திருப்பாள். பல் வந்திருக்கும். யாரோ ஒரு ஆயாவின் சேலையைப் பிடித்து நின்றுகூட இருப்பாள். எனக்குத் தெரியாத ஒருத்திக்காக எனக்கு ஏன் இப்படித் தூக்கம் கெடுகிறது?

ஷம்சாத் மச்சி தினமும் போன். "என்ன சொன்னாங்க? எப்ப சொன்னாங்க? இன்னும் எத்தன மாசம் ஆகும் புள்ள? சரியா கேட்டுச் சொல்லு." கோர்ட் என்னவோ என் பாக்கெட்டில் இருப்பதுபோல. இன்று எரிந்து விழுந்தேன். "மச்சி, உங்களுக்கு என்ன அவசரம்?"

போனுக்கு அந்தப் பக்கம் ஹபீபை அதட்டினாள். பிறகு, "ஒண்ணுமில்ல. சும்மாத்தான்."

20 பிப்ரவரி

விடுப்பு கேட்டேன். பேறுகால விடுப்பு மாஃபி, கிடையாது; வயிறு இல்லையே. ஆண்டு விடுப்பில் கழித்துக்கொள்ளச் சொன்னார் மேலாளர். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். மேசை மீது படத்தில் சிரிக்கிறார்கள். அவர் முகம் அதில் இல்லை.

15 மார்ச், திருச்சி வழியில்

ஷார்ஜா விமான நிலையம். யஹ்யா, நான், ஷம்சாத் மச்சி, ஹபீப். மற்ற மூன்று பிள்ளைகளை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் பெட்டியில் பால்மாவு, சின்னச் சட்டைகள், ஒரு புத்தகம். அவள் கைப்பையில் சாக்லேட்.

வரிசையில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள். ஓமன் சோஹாரிலிருந்து வந்து ஏறும் ஒருவர் போர்வைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். "லீவாம்மா?" என்றார். "புள்ள எடுக்கப் போறோம்" என்றாள் ஷம்சாத் மச்சி, வரிசை முழுக்கக் கேட்கும்படி. நான் புத்தகத்தைத் திறந்தேன்.

விமானத்தில் ஹபீபை மடிக்கு இழுத்தாள். "வேணாம்" என்று கத்தினான். சாக்லேட். "வேணாம்." இரண்டு சாக்லேட். பக்கத்து இருக்கைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும்தான்.

17 மார்ச், மதுரை

இல்லத்தின் பொறுப்பாளர் நாகவள்ளி. கையில் சாவிக்கொத்து. கூடத்தில் தொட்டில்கள் வரிசையாக. இவ்வளவு குழந்தைகள், ஒரு அழுகைச் சத்தம் இல்லை.

"ரொம்ப நல்ல புள்ளைங்க. அழவே அழாதுங்க" என்றார் பெருமையாக.

அழுது பயனில்லை என்று தெரிந்தவர்கள் அழுவதில்லை. அதை நல்ல குணம் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

தூக்கிக்கொண்டு வந்தார். தலையில் முடி வந்திருந்தது. கீழே இரண்டு பல். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். என் கண்ணாடியைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேனா, நீட்டப் போனேனா — அதற்குள் ஷம்சாத் மச்சி பாய்ந்து வாங்கிவிட்டாள். "யா அல்லாஹ், என் தங்கமே, எவ்வளவு லேசா இருக்கு!"

நாகவள்ளி எங்கள் இருவரையும் பார்த்தார். "இதுல யாருங்க அம்மா?"

யஹ்யாதான், "இவங்க" என்று என் பக்கம் கையைக் காட்டினான். சந்தேகமாக.

20 மார்ச்

கோர்ட். நான்கு மாதம் தள்ளிப்போட்டதைக் கால்மணி நேரத்தில் முடித்தார்கள். நீதிபதி என்னைக் கேட்ட ஒரே கேள்வி: "துபாய்ல வெயில் ஜாஸ்தியா?"

அவள் எங்களோடு லாட்ஜுக்கு வந்துவிட்டாள். கட்டில் நடுவில் உட்கார்ந்திருக்கிறாள். மின்விசிறியைப் பார்க்கிறாள். இன்னும் அழவில்லை.

21 மார்ச்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலையில் ஷம்சாத் மச்சி தொழுகைக்குப் போல முகம் கைகால் கழுவி ஒளுச் செய்து, பிஸ்மி சொல்லி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். யஹ்யாவை வராந்தாவுக்கு அனுப்பியாயிற்று. ஹபீப் தரையில் சாக்லேட் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நான் ஜன்னலோரம் நின்றேன். பார்க்க விருப்பமில்லை, போகவும் விருப்பமில்லை.

குழந்தையை மார்பில் வைத்தாள். பானு வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பினாள். மறுபடி வைத்தாள். திருப்பினாள். மூன்றாவது தடவை கடித்துவிட்டாள், ஷம்சாத் மச்சி "உம்மா!" என்று கத்தினாள். அதைக் கேட்டு பானு அழுதாள். நாங்கள் பார்த்து முதல் அழுகை. அடேயப்பா, என்ன சத்தம். தையல் கடை முழுக்க ஒரே நேரத்தில் மெஷின் மிதித்ததுபோல.

புட்டியும் கரண்டியுமாக வளர்ந்தவள். மார்பு என்றால் என்னவென்று அவளுக்கு ஏன் தெரிய வேண்டும்?

சந்தோஷப்பட்டேன். ஆமாம். ஷார்ஜாவுக்கே கொடுக்கலாம் என்றாளே, ஒருத்திக்குக் கொடுக்கட்டும் பார்ப்போம் என்று நினைத்தேன். என் முகத்தில் தெரிந்திருக்கும்.

பிற்பகல்வரை முயன்றாள். உட்கார்ந்து, படுத்து, ஆட்டி, பாடி. மார்பில் சர்க்கரை தடவிக்கூட. கடைசியில் குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு முகத்தைத் துப்பட்டியில் மூடிக்கொண்டு அழுதாள். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியது. அவள் அழுது நான் பார்த்ததில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது.

"விடுங்க மச்சி. குடிக்கலேன்னா போகுது. இதுக்குப் போய்."

"இதுக்குப் போயா?" துப்பட்டியை எடுத்தாள். மூக்கு ஒழுகியது. "உனக்கு என்னடி தெரியும்? இந்தா நிக்கிறானே, இவன் போன நோன்புக்கு முன்னாடியே பால மறந்துட்டான். வேணாம்னு ஓடுவான். முட்டாய் காட்டிக் காட்டி நாந்தான் இழுத்து இழுத்துக் குடுத்தேன். பல்லு சொத்தையாப் போச்சு, அவுக வாப்பா போன்ல கத்துறாக. ஜுபைலுக்கு வா வாங்குறாக. போயிட்டா நெனச்ச நேரத்துக்கு வர முடியுமா? எவ எவளோ சிரிச்சா. சிரிக்கட்டும்னு விட்டேன். கோர்ட்டுக்காரன் இழுத்துக்கிட்டே போறான், இது நின்னு போச்சுன்னா உன் புள்ளைக்கு நான் எங்கடி போயி வாங்குவேன்?"

ஹபீப் நிமிர்ந்து பார்த்தான். "வேணாம்" என்றான், முன்னெச்சரிக்கையாக.

உன் புள்ள என்றாள். தம்பி புள்ள என்று சொல்லவில்லை.

வராந்தாவுக்குப் போனேன். யஹ்யாவிடம் ஆலிம்சாவுக்குப் போன் போடச் சொன்னேன். அவர் அங்கே அஸர் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம். நானே வாங்கிக் கேட்டேன். "ஆலிம்சா, பீச்சி எடுத்துப் பாலாடைல குடுத்தா செல்லுமா, செல்லாதா?"

தொண்டையைக் கனைத்தார். பீடிகை போட்டார். "செல்லுமா, செல்லாதா?" என்றேன் மறுபடி.

"செல்லும்மா. வயித்துக்குப் போனாப் போதும். அஞ்சும் தனித்தனியா இருக்கணும். புள்ளயே போதும்னு வாயைத் திருப்பணும்."

"வாயைத் திருப்புறதுல அவ கெட்டிக்காரி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

கீழே இறங்கிப் போய் எவர்சில்வர் கடையில் பாலாடை வாங்கினேன். கழுவினேன், கொதிநீர் ஊற்றினேன். ஷம்சாத் மச்சி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து டம்ளரில் பீச்சினாள். வலித்தது போலிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் பானுவை மடியில் போட்டேன். எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. "தலைய ஒசத்திப் புடி. புஸ்தகமா அது?" என்றாள், திரும்பாமலேயே.

பாலாடையின் மூக்கை வாயோரம் வைத்தேன். ஒரு நொடி யோசித்தாள். திறந்தாள். குடித்தாள். என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, ஏதோ எனக்குச் சலுகை செய்வதுபோல, எல்லாவற்றையும் குடித்தாள். பிறகு வாயைத் திருப்பினாள்.

"ஒண்ணு" என்றாள் ஷம்சாத் மச்சி.

22 மார்ச்

ஐந்தும் ஆயிற்று. யஹ்யா உள்ளே வந்தான். "என்ன, நான் மாமாவா?" என்றான். "ஆமா, சீர் செய்யிற வழியப் பாரு" என்றாள் அவன் அக்கா.

8 ஏப்ரல், கீழக்கரை

பானுவுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் வரும்வரை மாமியார் வீட்டில். யஹ்யாவும் அவன் அக்காவும் திரும்பிப் போய்விட்டார்கள். ஊர்ப் பெண்கள் புதுக் குளிர்பெட்டி பார்க்க வருவதுபோல பானுவைப் பார்க்க வருகிறார்கள். திறந்து பார்க்காததுதான் குறை. "நெறம் கொஞ்சம் மட்டு." "கண்ணு பரவாயில்ல." "யாரு பெத்ததோ." மாமியார் எல்லோருக்கும் தேநீர் கொடுத்து, எல்லோரோடும் சேர்ந்து குறை சொல்கிறார், அவர்கள் போனதும் திருஷ்டி கழிக்கிறார்.

பானு இப்போது எதற்கெடுத்தாலும் அழுகிறாள். நாகவள்ளி பார்த்தால் குழந்தை கெட்டுப்போய்விட்டது என்பார்.

18 மே, வெள்ளி. சத்வா

வந்து ஒரு வாரம். இன்று வீட்டில் விருந்து. ஷம்சாத் மச்சியின் ஏற்பாடு, என் வீட்டில். காலையிலிருந்து மாலைவரை ஒரே பாட்டு. "என் பால் குடிச்ச புள்ள." கதவு திறந்துவிட வந்த காவலாளிக்குக்கூடச் சொன்னாள். மதுரையில் அழுதது அவளுடைய கதையில் இல்லை. கடித்தது இருக்கிறது; ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிய கடி. இரண்டு மணிக்கு எனக்குத் தலைவலி. நல்லது செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க இந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

பக்கத்து ஃபிளாட் ஜமீலாம்மா பானுவைக் கொஞ்சிவிட்டுச் சொன்னாள்: "அப்ப ஷம்சாத்து, இதுக்கு உம்மா நீதான்னு சொல்லு."

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நான் கறவ மாடு" என்றாள் ஷம்சாத் மச்சி. "உம்மா அந்தா நிக்கிறா பாரு, மொகத்த உம்முன்னு வச்சுக்கிட்டு. போடா தங்கம், உம்மாட்டப் போ. போயி சிரிக்கச் சொல்லு."

பானுவை என் கையில் திணித்தாள். தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

1 ஜூன்

சத்வாவை இடிக்கப் போகிறார்களாம். இது எத்தனையாவது வதந்தி? அலுவலகத்தில் அந்த இடத்துக்கு வரப்போகிற கோபுரத்துக்கு இப்போதே வாசகம் கேட்பார்கள். ஓடும் குழந்தையை இந்தத் தடவை போட மாட்டேன். அவள் இன்னும் நடக்கக்கூட இல்லை. தவழ்ந்து போய் என் கீழ்த்தட்டுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் போடுகிறாள். தூசி. ஜோதிமணி அம்மையார் சொன்னது சரி. தும்முகிறாள்.

8 ஜூன், வெள்ளி

ஷம்சாத் மச்சிக்கு ஜுபைல் விசா வந்துவிட்டது. அடுத்த வாரம் நான்கு பிள்ளைகளோடு போகிறாள். யஹ்யா காலையில் சொன்னான், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டே, பெரிய செய்தி இல்லை என்பதுபோல. ஹபீபுக்குப் பால் கொடுப்பதை நிறுத்திவிட்டாளாம். பால் கட்டிக்கொண்டு, மார்பு கல்லாகி, நேற்றிலிருந்து காய்ச்சலாம். "மாத்திர போட்டுக்க மாட்டேங்குது லாத்தா. எங்க உம்மா செஞ்ச மாதிரி செய்யணுமாம். ஷார்ஜாவுல அது எங்க கெடைக்கும்? பைத்தியம்."

"பைத்தியம்தான்" என்றேன்.

அவன் ஜும்மாவுக்குப் போனான். நான் அபாயாவைப் போட்டுக்கொண்டு பானுவை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினேன். பர்துபாயில் கோயில் பக்கத்துச் சந்தில் பூக்கடைகள் இருக்கின்றன. காலை விமானத்தில் ஊரிலிருந்து பூ வரும். அபாயாக்காரி ஒருத்தி வந்து நிற்பதைக் கடைக்காரர் இரண்டு தடவை பார்த்தார். உசிலம்பட்டிப் பேச்சு.

"யாருக்கும்மா? தலைக்கா, சாமிக்கா?"

"ரெண்டுக்கும் இல்ல."

"அப்ப?"

"பால் வத்துறதுக்கு."

தொங்கவிட்டிருந்த சரத்தை விட்டுவிட்டு, உள்ளே ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். நெருக்கிக் கட்டிய மல்லிகை. பானு கையை நீட்டி ஒரு மொட்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். விரலை விட்டு எடுத்தேன், கடித்தாள்.

பூவை வாங்கிப் பையில் வைத்து, ஷார்ஜா பஸ் ஏறினேன்.